மாடி மாமா

அத்தியாயம் 9

"ஏத்தா, மெட்ராசுக்குப் போயிட்டு வந்தவ மூஞ்சி இப்படியா இருக்கும்?" என்றாள் மலையம்மாள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை. பள்ளத்தூர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் காய்கறி பிரியாணி தம்மில் கிடந்தது. அவித்த முட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் கொட்டி, இரண்டு பேரும் எதிரெதிரே பலகை போட்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

முட்டை உரிப்பது அமைப்பாளர் அனுசுயாவின் வேலை இல்லை. உதவியாளர் லீவு என்பது ஒரு சாக்கு. சமையல்கார மலையக்காவோடு பேசிக்கொண்டிருந்தால் பொழுது போகும். அனுசுயாவுக்கு இந்த ஊரில் பொழுதைத் தள்ளுவதுதான் பெரும்பாடு.

"ரயில்ல தூக்கமே இல்லக்கா."

"தூக்கம் கெடக்குது. ஊரைப் பத்திச் சொல்லு. கடலுக்குப் போனீகளா?"

"போனோம். கிருத்திகா முழங்கால் வரைக்கும் நனைஞ்சுட்டு, ஈரச் சுடிதாரோட பஜ்ஜி தின்னா."

"உன் வீட்டுக்காரரு?"

"அவுக கரையில செருப்புக்குக் காவலு."

"பொறுப்பான மனுசன்," என்று மலையம்மாள் பட்டம் கொடுத்தாள். "பூமிக்கு அடியில ரயிலு போகுதாமே, அதுல ஏறுனீகளா?"

"ஏறுனோம். ஏசி வச்சிருக்கான். சீட்டைக் காட்டுனா கதவு தானாத் தொறக்குது. அவுக பாட்டுக்குத் தொறந்து அங்குட்டுப் போயிட்டாக. நாங்க ரெண்டு பேரும் இங்குட்டு நின்னு முழிக்கிறோம். பின்னால ஒரு கூட்டமே நிக்குது."

மலையம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முட்டை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அனுசுயாவும் சிரித்தாள். அன்றைக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை. கணவர் பாண்டீஸ்வரன் திரும்பிப் பார்ப்பார், பார்ப்பார் என்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கிப் போய்விட்டார்.

"சரி, நாடகத்துல என்னக்கா ஆச்சு? நாலு நாளும் பார்க்க முடியல."

மலையம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள் போல.

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அந்த நாத்தனாக்காரி நீலவேணி பாயசத்துல என்னத்தையோ கலந்தாள்ல? அதை வேதவல்லி கையில குடுத்துட்டா. குடுத்தவ குடுத்தபடி நிக்கிறா, வாங்குனவ வாங்குனபடி நிக்கிறா. நாலு நாளா அந்தப் பாயசம் ஆறிப்போயிக் கிடக்கு. சனிக்கிழமை கிண்ணத்தைத் தூக்குனா. சரி, குடிச்சிருவான்னு பாத்தா, தொடரும்னு போட்டுட்டான்."

"இன்னைக்குக் குடிப்பாளா?"

"குடிச்சாலும் சாக மாட்டா. அவ செத்தா நாம எதைப் பாக்குறது?"

ஏழரை மணி நாடகத்தை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. நாடகம் என்றால் வேதவல்லி நாடகம்தான். பதினொரு வருடமாக ஏழரை மணிக்கு ஏதோ ஒரு நாடகம் ஓடுகிறது. ஒன்று முடிந்தால் மறுநாளே இன்னொன்று. அனுசுயா எதையும் விட்டதில்லை. அந்த அரை மணி நேரம் வீட்டில் நாலு பேர் பேசுகிற சத்தம் கேட்கும்.

"நீ என்னமோ மறைக்கிறே," என்றாள் மலையம்மாள் திடீரென்று.

"மறைக்க என்ன இருக்கு? நல்லாத்தான் இருந்துச்சு."

நான்கு நாள் சுற்றுலாவில் மூன்றரை நாள் அப்படித்தான் சொல்ல வேண்டும். கடைசி அரை நாளைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் பேசவில்லை.

பாண்டீஸ்வரன் காரைக்குடியில் வைத்திருந்த ஹார்டுவேர்ஸ் கடை நொடித்துப்போன பிறகு சென்னைக்குப் போனவர். கொளத்தூர் பக்கம் ஒரு டைல்ஸ் கோடவுனில் சூப்பர்வைசர். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, ஞாயிறு சாயங்காலம் பையைத் தூக்கிவிடுவார். வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அனுசுயா என்ன சொன்னாலும் "ம்" என்பார். பேசாத மனிதர் என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பேச்சு வராத மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதாக எண்ணித் தன்னைத் தேற்றிக்கொண்டு வருடங்களை ஓட்டிவிட்டாள்.

சென்னையிலும் லாட்ஜில்தான் தங்க வைத்தார். கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. ரயிலுக்கு நேரம் கிடந்தது. "அப்பா, உங்க ரூமைப் பார்க்கணும்," என்று கிருத்திகா அடம் பிடித்தாள். "அங்க என்ன இருக்கு? ஒரு கட்டிலு, ஒரு கொடிக்கயிறு," என்று அவர் எவ்வளவோ தட்டிக் கழித்துப் பார்த்தார். இருபது வயதுப் பெண்ணிடம் அது எடுபடவில்லை.

தெருமுனையில் இஸ்திரிக்காரர், "என்ன சார், நாலு நாளா ஆளைக் காணோம்?" என்று சிரித்தார். கேட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு பிள்ளைகள் பாய்ந்து வந்தன. "மாடி மாமா வந்தாச்சு! மாடி மாமா வந்தாச்சு!" ஒன்று அவர் கையில் தொங்கியது. இன்னொன்று முதுகில் ஏறியது.

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா சுபா, அவள் கணவர், அந்த இரண்டு பிள்ளைகள், காது மந்தமான மாமனார். சுபா எல்லாரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். டிவியில் நாடகத்தின் மத்தியான மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பாண்டி, என்ன சொல்றா அவ?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரன் ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். பிறகு, பழக்கம் இழுத்தது போலும், பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதுக்கருகே குனிந்து, நாடகத்து மாமியாரின் வசனத்தைச் சொன்னார். சொன்னார் என்றால் சும்மா இல்லை. புருவம் ஏறியது, உதடு கோணியது, குரல் பெண்குரலாக இழுத்தது. பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தன. சுபாவின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் இல்லன்னா எங்க வீட்ல நாடகமே கிடையாதுக்கா," என்றாள் சுபா. "டெய்லி ஏழரைக்குக் கரெக்டா கீழ வந்துடுவாரு. மாமாவுக்கு இவரு சொன்னாதான் புரியும்."

அனுசுயா காப்பி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுபாவின் முகத்தில் எதையாவது தேடிப் பார்த்தாள். அந்த வீட்டில் எதையாவது தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், தம்பியைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருக்கலாம். அவர் அங்கே கலகலப்பான நல்ல மனிதராக இருந்தார். இதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ரயிலேறும் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவரும்தான்.

மத்தியானம் பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தத்துக்கு நடுவே தம்பி தேவா போன் செய்தான்.

"அக்கா, செக்காலை ரோட்டுக் கடையை வேற ஆளு ஒருத்தரு கேக்குறாராம். ஓனர் இன்னைக்குள்ள முடிவு சொல்லுங்கன்னுட்டாரு. மச்சான் என்ன சொல்றாக?"

தை பிறந்ததும் பாண்டீஸ்வரன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவது, காரைக்குடியில் மறுபடியும் சின்னதாக ஒரு கடை போடுவது என்று போன ஆடியில் முடிவானது. முடிவெடுத்தது அனுசுயாவும் தேவாவும். பாண்டீஸ்வரன் அதற்கும் "ம்" என்றுதான் சொன்னார். அந்த "ம்"மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"மெட்ராசுல நாலு நாள் கூடவே இருந்தியே, பேசலியாக்கா?"

"பேச நேரம் வாய்க்கலடா."

"நாலு நாளுமா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இந்த மாதிரி இடம் மறுபடி அமையாதுக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு ஓனர் எனக்குப் போன் பண்ணுவாரு. அதுக்குள்ள மச்சான்கிட்ட கேட்டுச் சொல்லு."

"கேட்டுச் சொல்றேன்."

மலையம்மாள் அண்டாவைச் சுரண்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். "மாப்பிள்ளை ஊரோட வந்துட்டா உனக்கும் ஒரு தொணை. எத்தனை வருசத்துக்குத்தான் ஒத்தையாக் கெடப்ப?" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். அனுசுயா தலையை ஆட்டிவிட்டு, ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டாள்.

காரைக்குடிக் கல்லூரியிலிருந்து கிருத்திகா வந்து சேரும்போது வானம் மூடியிருந்தது. பையைப் போட்டதும் போடாததுமாக, "அம்மா, இங்க பாரேன்," என்று போனை நீட்டினாள்.

சென்னைப் போட்டோக்களை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். கடற்கரை, மெட்ரோ, தி. நகர்க் கூட்டம். எல்லாவற்றிலும் பாண்டீஸ்வரன் ஓரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றில் மட்டும் வாய் திறந்து சிரித்தார். கீழ்வீட்டுச் சோபாவில், பெரியவர் பக்கத்தில், மடியில் ஒரு பிள்ளையோடு.

"மதுரைச் சித்தி என்ன போட்டிருக்குன்னு படி. 'அத்தான் சிரிச்சு இப்பத்தான் பார்க்கிறேன்.' பெரியப்பா, 'இது யாரு வீடு?'ன்னு கேட்டிருக்காரு."

"அதை ஏன்டி வச்ச? எடுத்துரு."

"ஏம்மா? நல்லா இருக்காருல்ல அதுல?"

"எடுன்னா எடு."

கிருத்திகா எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். "தேவா மாமா எனக்கும் போன் பண்ணுச்சு. கடை விஷயம். அம்மா, நான் ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது."

"சொல்லு."

"அப்பா அங்க சந்தோஷமா இருக்காரு. விட்டுரும்மா. கடை, கிடைன்னு போட்டு இழுக்காத."

"அப்ப நான்?"

சட்டென்று வந்துவிட்டது. கேட்ட பிறகுதான், அதை மகளிடம் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

கிருத்திகா கொஞ்சம் தடுமாறினாள். "நீயும் அங்க போயிரேன். நான் இன்னும் ஆறு மாசத்துல படிப்ப முடிச்சிருவேன். ஹாஸ்டல்ல இருந்துக்கிறேன். உனக்கும் சேர்த்து அந்த ரூம் போதும்."

அனுசுயா நனைந்துவிடும் முன் கொடித் துணிகளை உருவி வந்து கட்டிலில் குவித்திருந்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள்.

"அன்னைக்கு அங்க நாம உள்ள போனதும் உங்கப்பா சிரிப்பு நின்னுச்சு. கவனிச்சியா? அந்தப் பெரியவரு கேக்கலைன்னா அப்படியே உம்முன்னுதான் உக்காந்திருப்பாக. நான் போய் அந்த ரூம்ல இருந்தா, அந்த ஆளு அங்கயும் இங்க இருக்க மாதிரி ஆயிருவாகளோன்னு இருக்கு. அவுக வாயைக் கட்டிப் போட்டது இந்த ஊருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நானோ என்னமோ."

"அம்மா..."

"போ. மூஞ்சியக் கழுவு. தோசை ஊத்துறேன்."

கிருத்திகா தோசை வேண்டாம் என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். கதவைச் சாத்தவில்லை. ஆனாலும் சாத்தியது போலத்தான் இருந்தது.

நாடகத்துக்கு நேரமானதும் அனுசுயா டிவியைப் போட்டாள். போனைக் கையில் எடுத்தாள். வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார், கீழே இறங்கும் முன் பேசிவிட வேண்டும் என்று நினைத்தவள், போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஆரம்பப் பாட்டு வந்துவிட்டது. இனியும் தள்ள முடியாது என்று பெயரை அழுத்தினாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"என்ன?"

"சாப்பிட்டீகளா?"

"இல்ல. கோடவுன்ல இருக்கேன். லோடு எறங்கிக்கிட்டு இருக்கு. அப்புறம் பேசட்டா?"

அவர் குரலுக்குப் பின்னால் பாட்டு கேட்டது. இவள் வீட்டுக் கூடத்தில் ஓடிய அதே பாட்டு, அதே வரி. வீணையும் உருமியும் சேர்ந்து முழங்கும் இடம் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது.

அனுசுயாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. பயம்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் பொய் பேசியதில்லை. நாடகம் பார்ப்பதை மறைக்க ஒரு மனிதர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், தான் அவருக்கு யார்?

"சரிங்க, வச்சிருங்க," என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ரிமோட் பக்கத்தில் கிடந்தது. எடுத்துத் தன் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

"இங்க மழைங்க. கரண்ட் போயிருச்சு," என்றாள். "வேதவல்லி அந்தப் பாயசத்தைக் குடிக்கிறாளான்னு தெரியணும். கொஞ்சம் பாத்துச் சொல்றீகளா?"

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை எதற்கோ சிணுங்கியது. யாரோ அதை அதட்டினார்கள். வைத்துவிட்டாரோ என்று அனுசுயா போனை எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"இன்னும் குடிக்கல," என்றார் பாண்டீஸ்வரன், மெதுவாக.

"கிண்ணம் கையிலயா இருக்கு?"

"கையிலதான். வாய்கிட்ட கொண்டு போயிட்டா." தொண்டையைச் செருமினார். "மாமியாக்காரி மாடியில இருந்து எறங்குறா. பட்டுச்சேலை. இந்தம்மா தூங்குறப்பவும் பட்டுதான் கட்டும்போல."

அனுசுயாவின் ஓசையில்லாத டிவியில் மாமியார் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"நீலவேணி வேர்த்து விறுவிறுத்து நிக்கிறா. அந்த வேலைக்காரப் பொண்ணு தூணுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் பாக்குது. அதுக்கு எல்லாம் தெரியும். ஆனா சொல்லாது. சொன்னா நாடகம் இன்னையோட முடிஞ்சிரும்ல? பாவம், அதுக்கும் சம்பளம் வேணும்ல?"

அவள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்பு அவள் காதுக்கே புதிதாகக் கேட்டது. அந்தப் பக்கம் அவரும் லேசாகச் சிரித்தது போல இருந்தது. பிறகு அவர் குரல் மாறியது. "'வேதவல்லி, நில்! அதைக் குடிக்காதே!'ங்குறா மாமியா. சத்தமா இல்ல, இப்படி, பல்லைக் கடிச்சுக்கிட்டு. எதுக்குன்னா, அந்தப் பாயசத்தைத் தானே குடிக்கணும்னு நெனச்சு..."

திரையில் இருந்ததைவிட அவர் சொன்னது நன்றாக இருந்தது. அங்கே பொம்மைகள் வாயசைத்தன. இவர் வாயில் அவர்களுக்கு உயிர் வந்தது. அனுசுயா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது.

"விளம்பரம் போட்டுட்டான்," என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். திரையில் சலவைத்தூள் நுரைத்துக்கொண்டிருந்தது.

"கோடவுன்ல டிவி வச்சிருக்காகளா?" என்று கேட்டாள்.

அங்கே டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

"இங்கயும் கரண்ட் போகல. நானும் பொய்தான் சொன்னேன்."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஒரு கதவு திறந்து மூடியது. பிள்ளைகளின் சத்தம் தூரமாகியது. வெளியே வந்துவிட்டார் போல.

"நீ நாடகம் பாப்பியா?" என்றார்.

"பாக்குறேன். ஆரம்பத்துல இருந்தே. நீங்க வந்தா அமத்திருவேன்."

"ஏன்?"

"'எப்பப் பாத்தாலும் அழுகாச்சி, அமத்து'ன்னு ஒருக்கா சொன்னீக. கடையை மூடுன வருசம்."

"அப்ப எதைப் பாத்தாலும் எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அதை இன்னும் வச்சிருக்கியா?"

"நீங்க வேற ஒண்ணும் சொல்லலையே. சொன்னதைத்தான வச்சிருக்க முடியும்?"

மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. எந்த ஊர் மழை என்று தெரியவில்லை.

"அன்னைக்கு வந்துட்டு நீ ஒண்ணுமே கேக்காமப் போயிட்ட. சண்டை போடுவன்னு நெனச்சேன்," என்றார்.

"அங்க சிரிச்ச ஆளை எனக்குத் தெரியாதுங்க. தெரியாத ஆள்கிட்ட எப்படிச் சண்டை போட?"

அவர் பேச ஆரம்பித்தார். பேசப் பேசத்தான் வார்த்தை கிடைப்பது போல விட்டுவிட்டு வந்தது.

"ஊருக்கு வந்தா பஸ்ஸை விட்டு எறங்குனதுமே ஆரம்பிச்சிருவாக. என்ன பாண்டி, எப்ப வந்த, எப்பப் போற, கடை கிடை போடுற எண்ணம் உண்டா. யாரும் தப்பாக் கேக்கல. ஆனா கேக்கக் கேக்க எனக்கு வாய் ஒட்டிக்கும். வீட்டுக்குள்ள வந்தும் தொறக்காது. இங்க வந்த புதுசுல அந்தப் பெரியவரு, என்ன சொல்றான்னு கேட்டாரு. சொன்னேன். அம்புட்டுத்தான். இங்க யாருக்கும் நான் கடையை மூடுனவன் இல்ல."

அனுசுயா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. கேட்க நன்றாகவும் இருந்தது. வலிக்கவும் செய்தது.

"நான் இங்க கடையை மூடுனவர் பொண்டாட்டியாவே இருந்துட்டேங்க, இம்புட்டு வருசமும்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதே பஸ் ஸ்டாண்டு. அதே ஆளுக. எனக்கு மாடியும் இல்ல, கீழ்வீடும் இல்ல."

திரையில் அடுத்த விளம்பரம் ஓடியது.

"தேவா கேட்டான். செக்காலை ரோட்டுக் கடைக்கு இன்னைக்கே முடிவு சொல்லணுமாம். என்ன சொல்லட்டும்?"

"அனுசுயா, நான்..."

"மாமா! போட்டாச்சு! தாத்தா கூப்பிடுறாரு!" பிள்ளையின் குரல் போனுக்குள் துள்ளி விழுந்தது.

"போங்க," என்றாள். "பெரியவரு காத்திருப்பாரு."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாள். உடனே தேவாவைக் கூப்பிட்டாள்.

"கடை வேணாம்னு சொல்லிருடா."

"மச்சான் சொன்னாகளா?"

"நான் சொல்றேன்."

"அக்கா, உனக்குக் கிறுக்கா? இதுக்காகத்தான இத்தனை வருசமாக் காத்திருந்த?"

"வர மனசில்லாதவகளைக் கடையைக் காட்டி இழுக்கக் கூடாதுடா. வந்தாலும் வாயை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாக. அது எனக்கு வேணாம்."

தேவா இன்னும் என்னென்னமோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு, "சரிடா, வை," என்றாள்.

டிவியில் சத்தமில்லாமல் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். பாயசம் என்னவாயிற்று என்று தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டலாம். கூட்டத் தோன்றவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்பதுகூட அப்போதுதான் காதில் விழுந்தது. எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு, இருட்டில் கொல்லைப்படியிலேயே உட்கார்ந்தாள். சாரல் காலில் அடித்தது. இனிமேல் காத்திருக்க ஒன்றும் இல்லை என்பது ஒரு விதத்தில் நிம்மதிதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நிம்மதி வரவில்லை. அழுகைதான் வந்தது.

கூடத்தில் போன் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். தெரியாத எண்.

"அக்கா, நான் சுபா பேசுறேன், கொளத்தூர்ல இருந்து. அண்ணன் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"என்னம்மா ஆச்சு?"

"உங்ககிட்டதான் பேசிட்டு வந்தாரு. வந்தவரு உட்காரவே இல்ல. மேல போனாரு, இறங்கும்போது கையில பை. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ்ல போனா சீக்கிரம் போலாம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டாரு. ஊருக்கான்னு கேட்டேன், ஆமான்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. ரூம் சாவியை என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு அக்கா. எப்பவும் சாவியைக் குடுக்க மாட்டாரு. அங்க யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

சுபாவின் பின்னால் பெரியவரின் குரல் கேட்டது. எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"மாமா டிவியையே ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு," என்றாள் சுபா. "சின்னவன் சாப்பிட மாட்டேன்னு உட்கார்ந்திருக்கான். அண்ணன் எப்பக்கா வருவாரு?"

எப்ப வருவாரு? பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் கோயில் வாசலிலும் அனுசுயாவிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி. அடுத்த மாசம், தீபாவளிக்கு, தை பிறக்கட்டும் என்று ஆளுக்கொரு பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இன்றைக்கு இந்தப் பெண்ணிடம் சொல்ல ஒன்று கூட வாய்க்கவில்லை.

"தெரியலையேம்மா," என்றாள். "நீ பிள்ளையைச் சாப்பிட வை."

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது உள்ளறை வாசலில் கிருத்திகா நின்றிருந்தாள். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அப்பாவா?"

"கெளம்பிட்டாகளாம். விடியக்காலம் வந்துருவாக."

கிருத்திகா பக்கத்தில் வந்தாள். அம்மாவின் நனைந்த சேலை ஓரத்தையும் சிவந்த கண்ணையும் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"இருக்க வர்றாராம்மா, இல்ல சொல்லிட்டுப் போக வர்றாரா?"